பந்தியில் மூன்றாவது இலை

கயல்,

போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். "குமரேசனை அண்ணன்னு சொல்லிடலாமாப்பா? நீங்க சொன்னா நான் சரிங்கறேன்" என்று கேட்டாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். வகுப்பிலும் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. தெரியாத கேள்வி வந்தால், நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். மறுநாள் மறக்காமல் சொல்லியும் விடுவேன். உன் கேள்விக்கு ஒரு நாள் போதவில்லை. நடுவில் ஒரு முறை வடலூர் போய்வர வேண்டியிருந்தது. இன்னும் சில நாட்களில் உனக்குக் கல்யாணம். அதற்குள் இந்தப் பதில் உன் கைக்கு வர வேண்டும். இதை உனக்கு மட்டும் சொல்லாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம், உன் கேள்வி உன் ஒருத்தியுடைய கேள்வி இல்லை என்பதுதான். மகளோ மகனோ ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது, "இவங்க யாரு?" என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற எல்லாப் பெற்றோருக்குமான கேள்வி அது.

உன் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நம் வீட்டு மாடியில் பந்தல் போட்டிருந்தோம். குமரேசன் முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். பட்டுப்புடவையில், கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்த நீ அங்கிருந்தே, "மேட், அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு. வேர்த்துக் கொட்டுது" என்றாய். அவன் திருப்பிக்கொண்டே, "பொண்ணுன்னா கொஞ்சம் வெக்கப்படணும் மேட். ஃபேனெல்லாம் கேக்கக் கூடாது" என்றான். மாப்பிள்ளை கார்த்திக் உட்படப் பாதிக் கூட்டம் சிரித்தது. கார்த்திக்கின் பெரிய அத்தை சிரிக்கவில்லை. உன் அம்மா பக்கம் குனிந்து, "யாருங்க அந்தப் புள்ள? உங்களுக்கு என்ன மொறை ஆவுது?" என்று கேட்டார். கூடப் படித்த பையன் என்றாள் உன் அம்மா. "படிச்சு முடிச்சுதான் எத்தினியோ வருசம் ஆயிடுச்சே. இன்னும் என்ன படிச்சிகினு இருக்கு?" என்றார் அவர். உன் அம்மா அவசரமாக ஜாங்கிரித் தட்டை நீட்டினாள்.

மறுநாள் உன் மாமனார் செல்வராசு போன் செய்தார். அவர் சொன்னதில் துளியும் குத்தல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். "சார், உங்க பொண்ணுக்குக் கூடப் பொறந்த ஆம்பளப் புள்ள இல்ல. மச்சான் மோதிரத்த அந்தத் தம்பியே போடட்டும். சபையில அண்ணன்னு ஆயிட்டா அப்புறம் யாரு வாயத் தொறப்பாங்க? எங்க அக்காவும் அடங்கிடும்" என்றார். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் சகோதரன் மேடையேறி மாப்பிள்ளையின் விரலில் மோதிரம் போடுவது நம் பக்கத்து வழக்கம். மோதிரம் ஏறிய நிமிடத்திலிருந்து அவன் மச்சான். ஊரே சாட்சி. கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, இன்றைக்கும் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கிற ஒரு பையனை மேடைக்கு ஏற்றி, மருமகளுக்கு அண்ணனாக நிறுத்துகிறேன் என்று ஒரு சம்பந்தி தானாக முன்வந்து சொல்வது சாதாரண விஷயம் இல்லை. அவன் யார், என்ன ஆட்கள் என்று அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையில் நானும் பாதி தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் நீ போன் செய்தாய். "அண்ணன்னு சொன்னா எல்லாருக்கும் சுலபம்ப்பா. ஆனா அவன் அண்ணன் இல்லியே" என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

அந்த 'மேட்' எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். என் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பதினோராம் வகுப்பில் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டன்ஸ் வரிசைப்படி இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். கயல்விழிக்கு அடுத்த பெயர் குமரேசன். லேப்மேட் ஆனீர்கள். நீ அவன் டப்பாவிலிருந்து புளிச்சோற்றைத் தின்றுவிட்டு உன் சப்பாத்தியை அவன் தலையில் கட்டுவாய். பள்ளி முடிந்தது, லேப் போயிற்று, மேட் மட்டும் நின்றுவிட்டது. நம் டவுன்ஷிப்பே அப்படிப்பட்ட ஊர்தான். பேட்ச்மேட், ஷிப்ட்மேட், ரூம்மேட் என்று எங்கே திரும்பினாலும் மேட்கள். முதன்முதலில் அவன் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது உன் அம்மா உன்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கேட்டது எனக்கு வெளியே கேட்டது.

"யாருடி அது?"

"மேட்மா."

"அப்படி ஒரு பேரா?"

"பேரு குமரேசன். எனக்கு மேட்."

"அண்ணான்னு கூப்பிடேன், என்ன குறைஞ்சு போச்சு?"

"அண்ணான்னு கூப்பிட்டா அவன் சொல்றத நான் கேக்கணும்மா. அவனுக்கு டைட்ரேஷனே ஒழுங்கா வராது."

உன் அம்மா அவனுக்கும் சேர்த்துக் காபி கலந்தாள். அன்றைக்கு நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இந்த வாரம்தான் அந்தப் பதிலை உட்கார்ந்து யோசித்தேன். ஆங்கில வாத்தியார் என்கிற முறையில் நண்பனுக்கான வார்த்தைகளைப் பலமுறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பரீட்சையில் எழுதுவதற்கு ஃபிரண்ட். அது சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு வருகிற வார்த்தை. மேட், டியூட், ப்ரோ இவையெல்லாம் லுங்கியோடு வாசலுக்கு வந்து நிற்கிற வார்த்தைகள். விடைத்தாளில் எழுதினால் நானே சுழித்திருப்பேன். ஆனால் விடைத்தாளுக்கு வெளியே பிள்ளைகள் எதை வைத்து ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று பார்த்தால், இந்த லுங்கி கட்டிய வார்த்தைகள்தான் அதிக வேலை பார்த்திருக்கின்றன.

தமிழில் வார்த்தை இல்லை என்று சொல்ல வரவில்லை. தோழன், நண்பன், கூட்டாளி, சேக்காளி, சிநேகிதன் என்று ஒரு கைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் தெருவில் நின்று கூப்பிடும்போது நாம் உறவைத்தான் கையில் எடுக்கிறோம். ஆண் பிள்ளைகள் மச்சான் என்பார்கள், மாப்பிள்ளை என்பார்கள், பங்காளி என்பார்கள். அதில் ஒரு வாஞ்சை இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த வாஞ்சை ஒரு பெண்ணுக்கு உதவாது. ஒரு பெண் ஓர் ஆணை எப்படிக் கூப்பிடுவாள்? அண்ணா என்றால் கூடப் பிறந்தவன். மாமா, அத்தான் என்றால் கட்டிக்கொள்கிறவன். நம் வீட்டில் இரண்டே கதவு. ஒன்றில் உடன்பிறந்தவன் வருவான், இன்னொன்றில் மாப்பிள்ளை வருவான். இரண்டிலும் வராத ஒருவனுக்குச் சுவர்தான். நீயும் உன் தலைமுறையும் அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தீர்கள். மேட் என்றும் ப்ரோ என்றும் அதற்குப் பெயர் எழுதிக்கொண்டீர்கள். ப்ரோவைப் பற்றி எனக்கு ஒரு காலத்தில் எரிச்சல் இருந்தது. அது பிரதரை வெட்டி எடுத்த துண்டுதானே என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், அண்ணன் என்பதிலிருந்து அதிகாரமும் சீர்வரிசையும் உதிர்ந்துபோய் மீந்த பகுதி அது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரனை, எந்த ஊர், எந்தத் தெரு என்று குடைந்து அவன் யார் என்று தெரிந்துகொண்ட பிறகு முறை வைத்துக் கூப்பிட்ட காலம் உண்டு. ப்ரோ என்பவன் எதையும் குடைய வேண்டியதில்லை. கொஞ்சம் நகர்ந்துக்கங்க ப்ரோ என்றால் நகர்கிறான். எல்லா மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறிய ஊருக்கு இதைவிட நல்ல வார்த்தை யார் செய்து கொடுத்திருப்பார்கள்?

நானும் கணக்கு வாத்தியாரும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நெருக்கம். உனக்கு அவரைத் தெரியும், தினமும் காலையில் என்னோடு நடக்க வருகிறாரே, அவர்தான். ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறோம். அவர் அழுது நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இன்று வரைக்கும் அவர் எனக்கு சார், நான் அவருக்கு சார். இந்த யோசனையில் இருந்தபோது ஒரு காலை அவரிடமே கேட்டேன். "சார், நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் யாரு சார்?" அவர் நடையைக் குறைக்காமல், "வாக்கிங் போறவங்க சார்" என்றார். எங்களிடம் நட்பு இருந்தது. அதைக் கூப்பிடுவதற்கு ஒரு வார்த்தை இல்லாமலே காலம் போய்விட்டது. உன்னிடம் இருக்கிறது. அதனால்தான் அதைப் பறிகொடுக்காதே என்று சொல்ல வருகிறேன்.

அந்த வார்த்தை உனக்கு என்ன செய்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். சென்னையில் உன் முதல் வேலை போனபோது, பெட்டியோடு வந்து அறைக்குள் போய்ப் படுத்தவள்தான் நீ. ஆளாளுக்கு அறிவுரை சொன்னோம். நான் சொன்னேன். உன் பெரியப்பா மகன் பிரபு விழுப்புரத்திலிருந்து தினமும் போன் செய்து என்ன கோர்ஸ் படிக்கலாம் என்று சொன்னான். அண்ணன் என்றால் சொல்லத்தான் வேண்டும், சொல்லாவிட்டால் அவனை அண்ணன் என்று யார் மதிப்பார்கள்? குமரேசன் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வருவான், உன் ஜன்னலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வான். கன்வேயர் பெல்ட்டில் அன்று நடந்த கூத்தையெல்லாம் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பான். பஜ்ஜிப் பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டுவான். வேலை என்கிற வார்த்தையையே அவன் எடுக்கவில்லை. பல நாள் கழித்து ஒரு மாலை உள்ளேயிருந்து உன் சிரிப்புச் சத்தம் கேட்டது. உன் அம்மா கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். அடுத்த வாரம் நீயாகவே லேப்டாப்பை எடுத்தாய்.

இதை அவன் மட்டும் செய்யவில்லை. டிப்ளமோவில் அவனுக்கு அரியர் மேல் அரியர் விழுந்தபோது அவன் வீட்டில் யாரும் கண்டிக்கவில்லை. வீட்டில் முதலில் படிக்கிற பிள்ளை என்று அவனைத் தாங்கினார்கள். நீதான் நம் வீட்டுக் கூடத்தில் வைத்து, எங்கள் முன்னாலேயே, "நீ முட்டாள் இல்ல மேட். சோம்பேறி. முட்டாளா இருந்தா நான் விட்டுடுவேன்" என்றாய். உன் அம்மா பதறிப்போனாள். அவன், "காபி கொஞ்சம் சக்கர கம்மிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே உன்னைப் பார்த்துத் தலையாட்டினான். எல்லா அரியரையும் முடித்தான். அறிவுரை சொல்லாமல் உட்காரவும், பூசி மெழுகாமல் திட்டவும் ஒருவருக்கொருவர் உரிமை கொடுத்திருக்கிறீர்கள். இந்த உரிமை எந்த உறவு முறையிலும் எழுதியிருக்கவில்லை. நான் உங்கள் இருவரையும் பார்த்து வியந்திருக்கிறேன். இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

நீ போன் செய்த மறுநாள் அவன் வந்தான். மோதிரச் செய்தி அவனுக்கும் போயிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நீங்க என்ன சொன்னாலும் சரிங்க சார். போடுன்னா போடறேன். எனக்கு அது பெரிய கௌரவம். எங்கம்மா கேட்டா அழும்" என்றான். அப்புறம் என்ன தயக்கம் என்று கேட்டேன். வண்டிச் சாவியை விரலில் சுற்றத் தொடங்கினான். "அண்ணன்னு ஆயிட்டா ஆடிச் சீரு, பொங்க சீருன்னு வெக்கணும். அத கூட வெச்சிடுவேங்க சார், அதுல ஒன்னுமில்ல. அவளுக்குப் புள்ள பொறந்தா தாய்மாமன்னு மடியில வெச்சிகினு காது குத்துவேன். ஆனா அப்புறம் அவ என்னைத் திட்ட மாட்டா சார். அண்ணன எப்படித் திட்டுவா? மரியாதையா நடத்த ஆரம்பிச்சிடுவா" என்றான். மரியாதை என்று அவன் சொன்னபோது, ஏதோ ஒரு நஷ்டத்தைச் சொல்வதுபோல இருந்தது. அவன் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு வடலூர் பஸ் ஏறினேன்.

உன் மாமனாரின் இரும்புக் கடையை நீ பார்த்திருக்கிறாய். ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். நான் வந்த விஷயத்தைச் சொல்லி, எனக்குத் தெரிந்த வழியில் ஓர் உதாரணமும் சொன்னேன். உறவு வெல்டிங் மாதிரி, ஒட்டினால் ஒட்டியதுதான். நட்பு நட்டும் போல்ட்டும் மாதிரி. கழற்ற முடியும். கழற்ற முடியும் என்பதால்தான் அவ்வப்போது பார்த்து இறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இத்தனை வருடம் அதை இறுக்கி வைத்திருக்கிறார்கள், நாம் எதற்கு அதன்மேல் வெல்டிங் வைக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "வாத்தியாரு இரும்புக் கடைக்கு வந்தாலும் பாடந்தான் எடுப்பாரு. நீங்க சொல்றது புரியுதுங்க. ஆனா சபையில கேப்பாங்களே, என்ன மொறைன்னு. மொறை இல்லாம ஒரு ஆம்பளப் புள்ளைய எப்படிங்க பக்கத்துல நிறுத்தறது?" என்றார்.

அப்போது அவர் எழுந்து கடை வாசலுக்குப் போய், எதிரே கயிறும் சாக்கும் விற்கிற பாயைப் பார்த்து, "பார்ட்னர், சம்பந்தி வந்துகிறாரு. மூணு டீ சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார். எதிர்க்கடையிலிருந்து, "உங்களுக்கு மட்டும் சக்கர இல்லாமதானே பார்ட்னர்? உங்க வூட்டுல எனக்குத்தான் திட்டு விழுது" என்று பதில் வந்தது. டீயோடு அந்த பாயும் வந்து ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். நான் கேட்டேன்.

"இவரோட எதுல பார்ட்னருங்க? கடையா?"

"அய்ய, கடையெல்லாம் இல்லீங்க. அவரு யாவாரம் அவருது, என் யாவாரம் எனக்கு."

"அப்ப நெலம் எதுவும்?"

"டீ குடிக்கறதுல பார்ட்னருங்க" என்றார் பாய்.

"சரி, அவர் உங்களுக்கு என்ன முறைங்க?"

உன் மாமனார் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். என்ன விஷயம் என்று தெரியாமலே பாயும் கூடச் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் உன் மாமனார் குரலை இறக்கி, "எங்கப்பா செத்தப்போ பங்காளிங்க வர்றதுக்கு முன்னால கடையச் சாத்திட்டு வந்து நின்னது இவருங்க. என்ன மொறைன்னு அன்னிக்கு ஒருத்தரும் கேக்கல" என்றார். டீயை முடித்துவிட்டு, "சரிங்க சார். மோதிரத்த உங்க அண்ணன் புள்ள பிரபுவே போடட்டும். அதுதான் மொறை. அந்தத் தம்பி எங்க நிக்கும், அத சொல்லுங்க" என்றார்.

அவன் நிற்க வேண்டாம், உட்காரட்டும் என்றேன் நான். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். மேட் என்கிற வார்த்தையின் வேரைத் தேடிப் பழைய ஆங்கில அகராதியை ஒருமுறை புரட்டியிருக்கிறேன். ஒரே சாப்பாட்டைப் பகிர்ந்து தின்கிறவன் என்பதுதான் அதன் பழைய பொருள் என்று போட்டிருந்தது. புளிச்சோறும் சப்பாத்தியும் உடனே நினைவுக்கு வந்தன. கல்யாணத்தில் மேடை உறவுக்காரர்களுக்கானது, அதை நாம் மாற்ற வேண்டாம். பந்திக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் முதல்முறையாகச் சேர்ந்து சாப்பிட உட்காரும்போது, கார்த்திக்கின் இலைக்குப் பக்கத்தில் உன் இலை, உன் இலைக்கு மறுபக்கம் குமரேசனின் இலை. மொத்தச் சபையும் அந்தப் பந்தியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். உன் மாமனார் கொஞ்சம் யோசித்தார். "அக்கா கேட்டா மேட்டுன்னு சொல்லிடறேன். இங்கிலீசுன்னா அது மறு கேள்வி கேக்காது" என்றார். பாய் குறுக்கே புகுந்து, "அப்ப நான் உங்களுக்குப் பக்கத்துல உக்காரலாமா பார்ட்னர்?" என்றார். "என் சக்கர வியாதிக்காக உங்க எலையிலயும் ஸ்வீட் வெக்க மாட்டாங்க, பரவாயில்லையா?" என்று பதில் வந்தது.

ஆகவே, கயல், உன் கேள்விக்கு என் பதில் இது. குமரேசனை அண்ணன் என்று சொல்லாதே. யார் கேட்டாலும், கார்த்திக்கின் பெரிய அத்தையே கேட்டாலும், மேட் என்று சொல். என்ன அர்த்தம் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல், அவசரப்படாமல் சொல், உதாரணத்தோடு சொல். கார்த்திக்குக்கு அவனைப் பிடித்திருக்கிறது, ப்ரோ ப்ரோ என்றுதான் கூப்பிடுகிறான். அது உன் நல்ல காலம். ஆனாலும் வேலை, வீடு, பிள்ளை என்று வரும்போது நட்டுகள்தான் முதலில் தளரும். உறவு கேட்டு வாங்கிக்கொள்ளும், பண்டிகைக்குப் போகாவிட்டால் சண்டை போடும். நட்பு ஒன்றும் கேட்காது. அதனாலேயே அதை மறந்துவிடுவது சுலபம். நீ மறக்காதே. இன்னொரு ஆசையும் எனக்கு இருக்கிறது. உன்னையும் கார்த்திக்கையும் முறை சேர்த்துவைக்க ஆயிரம் பேர் வருவார்கள். முறைக்கு அப்பால் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் திட்டவும், பேசாமல் பக்கத்தில் உட்காரவும் பழகினால், என்றாவது அவனையும் நீ ஏதாவது ஒரு லுங்கி கட்டிய வார்த்தையால் கூப்பிடுவாய். அன்றைக்கு எனக்குப் போன் செய்.

இன்று காலை குமரேசனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஷிப்டை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். ஏற்கெனவே மாற்றிவிட்டானாம். பந்தியில் எங்கே உட்காரப் போகிறான் என்று சொன்னதும் சாவியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டான். ரோட்டில் போகிற கம்பெனி பஸ்ஸைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமலே, "பாயசத்த அவ எலையிலேர்ந்து எடுத்துடுவேங்க சார். சம்பந்தி வூடு பாக்குதுன்னு யாரும் தடுக்கக் கூடாது" என்றான்.

தடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். உன் பாயசத்தை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா